‘டஸ் ஷி லிவ்ஸ் ஹியர்?’ - ஸ்பானிஷ் பேசுபவர்களைப் பாடாய்ப்படுத்தும் ஒற்றை ‘எஸ்’!

அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர்கள் ஒரு நேர்காணலுக்குப் போக வேண்டும். அந்த நாட்டு வரலாறு, அரசாங்கம் பற்றிச் சில கேள்விகள் கேட்பார்கள். கூடவே ஆங்கிலம் வாசிக்கத் தெரியுமா, எழுதத் தெரியுமா என்றும் பார்ப்பார்கள். மூன்று வாக்கியங்களில் ஒன்றைச் சரியாக வாசித்தால் போதும். அதேபோல மூன்றில் ஒன்றைச் சரியாக எழுதினால் போதும். இதற்கான பயிற்சிகளில் அடிக்கடி வரும் ஒரு ஜோடி இது:

வாசிக்க: ‘வேர் டஸ் த பிரசிடென்ட் லிவ்?’

எழுத: ‘த பிரசிடென்ட் லிவ்ஸ் இன் த ஒயிட் ஹவுஸ்.’

அதிபர் எங்கே வசிக்கிறார்? அதிபர் வெள்ளை மாளிகையில் வசிக்கிறார். எளிமையான வாக்கியங்கள்தான். ஆனால், இரண்டையும் இன்னொரு முறை பாருங்கள். பதிலில் ‘லிவ்ஸ்’ என்று இருக்கிறது; கேள்வியில் வெறும் ‘லிவ்’. அதே அதிபர், அதே வீடு. நடுவில் அந்த ‘எஸ்’ மட்டும் எங்கே போனது?

அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுபவர்கள் 4 கோடிக்கும் அதிகம். மெக்ஸிகோ, குவாத்தமாலா, கொலம்பியா, கியூபா எனப் பல நாடுகளிலிருந்து வந்தவர்களும், அவர்களின் பிள்ளைகளும் இதில் அடக்கம். வளர்ந்த பிறகு ஆங்கிலம் கற்றுக்கொள்பவர்களுக்கு வகுப்பெடுக்கும் ஆசிரியர்களைக் கேட்டால், இந்த மூன்று வாக்கியங்களையும் தெரியும் என்பார்கள்.

‘டஸ் ஷி லிவ்ஸ் ஹியர்?’

‘டூ ஷி லிவ் ஹியர்?’

‘ஷி லிவ் ஹியர்?’

மூன்றுமே தவறு. சரியானது, ‘டஸ் ஷி லிவ் ஹியர்?’ அவள் இங்கே வசிக்கிறாளா என்று கேட்க இவ்வளவு குழப்பமா? இதைக் கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. தாய்மொழி இலக்கணத்தை ஒழுங்காகக் கற்றவர்கள் செய்கிற தவறு இது. எப்படி என்று பார்ப்போம்.

ஒரே சொல்லில் ஆளும் அடக்கம்

ஸ்பானிஷ் வினைச்சொல்லின் வாலைப் பார்த்தாலே யார் செய்கிறார்கள் என்று தெரிந்துவிடும். ‘விவோ’ என்றால் நான் வசிக்கிறேன். (செல்போன் பெயர் ஞாபகம் வருகிறதா? எழுத்தும் அதேதான்!) ‘விவெஸ்’ என்றால் நீ வசிக்கிறாய். ‘விவே’ என்றால் அவன் அல்லது அவள் வசிக்கிறாள். ‘விவிமோஸ்’ என்றால் நாம் வசிக்கிறோம். ‘விவென்’ என்றால் அவர்கள் வசிக்கிறார்கள்.

இது நமக்குப் புதிதல்ல. ‘வந்தேன்’ என்று சொன்னால் போதும், ‘நான்’ என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. ‘வந்தாள்’ என்றால் வந்தது ஒரு பெண் என்பது வரை தெரிந்துவிடும். ஸ்பானிஷிலும் அப்படித்தான், நான், நீ போன்ற சொற்களைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

ஆங்கிலத்துக்கு இந்த வசதி இல்லை. ஐ லிவ், யு லிவ், வி லிவ், தே லிவ் என எல்லாருக்கும் ஒரே ‘லிவ்’தான். அவன், அவள், அது என்று வரும்போது மட்டும் ஒரு ‘எஸ்’ ஒட்டிக்கொள்கிறது. பழைய ஆங்கிலத்தில் இதைவிட நிறைய விகுதிகள் இருந்தன. காலப்போக்கில் அவை உதிர்ந்துபோய், நிகழ்காலத்தில் மிச்சம் நிற்பது இந்த ஒன்றுதான்.

‘எஸ்’ என்றால் யார்?

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஸ்பானிஷிலும் ‘எஸ்’ உண்டு. ஆனால், அது வேறு வேலை பார்க்கிறது. வினைச்சொல்லின் கடைசியில் அது பெரும்பாலும் ‘நீ’யைக் குறிக்கும். ‘விவெஸ்’ என்பதன் கடைசி எழுத்து அதுதான். பெயர்ச்சொல்லின் கடைசியில் வந்தால் பன்மை. ‘காசா’ என்றால் வீடு, ‘காசாஸ்’ என்றால் வீடுகள்.

ஆங்கிலப் பெயர்ச்சொல்லிலும் ‘எஸ்’ பன்மைதான். ஆனால், வினைச்சொல்லில் அது நேர் எதிர். ‘த பாய் ரன்ஸ்’ என்றால் ஒரு பையன். ‘த பாய்ஸ் ரன்’ என்றால் பல பையன்கள். பலரைக் குறிக்கும் எழுத்து என்று சிறுவயதிலிருந்து பழகிய ஒன்றை, ஒருவரை மட்டும் குறிக்கும் எழுத்தாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. ‘தே லிவ்ஸ்’ என்று வாயில் வருவதில் ஆச்சர்யம் உண்டா?

உச்சரிப்பும் சேர்ந்துகொள்கிறது. கியூபா, டொமினிக்கன் குடியரசு போன்ற கரீபியன் பகுதி ஸ்பானிஷில், சொல்லின் கடைசியில் வரும் ‘எஸ்’ வெறும் மூச்சாகக் கரைந்துவிடும், அல்லது காணாமலே போய்விடும். ‘லோஸ் அமிகோஸ்’ என்று எழுதிவிட்டு ‘லோ அமிகோ’ என்பது போலச் சொல்வார்கள். அப்படிப் பழகிய நாக்கு ‘லிவ்ஸ்’ என்பதை ‘லிவ்’ என்று சொன்னால், அவருக்கு இலக்கணம் தெரியாது என்று முடிவுகட்ட முடியாது.

கேள்வி எங்கே தொடங்குகிறது?

‘அவள் இங்கே வசிக்கிறாள்’ என்பதைத் தமிழில் எப்படிக் கேள்வியாக்குகிறோம்? கடைசியில் ஓர் ‘ஆ’ சேர்க்கிறோம். வசிக்கிறாளா? முடிந்தது.

ஸ்பானிஷில் இதுகூட வேண்டாம். ‘விவே அக்கீ’ என்றால் இங்கே வசிக்கிறாள். அதையே குரலை உயர்த்திச் சொன்னால் இங்கே வசிக்கிறாளா என்று ஆகிவிடும். சொற்கள் மாறவே இல்லை. பேச்சில் குரல் காட்டிக்கொடுத்துவிடும், எழுத்தில் என்ன செய்வது? அதற்காகத்தான் ஸ்பானிஷில் கேள்வி தொடங்கும் இடத்திலேயே ஒரு தலைகீழ் கேள்விக்குறி போடுகிறார்கள். ராயல் ஸ்பானிஷ் அகாடமி 1754-ல் வெளியிட்ட எழுத்திலக்கண நூலில் இதைப் பரிந்துரைத்தது. ‘கவனம், வருவது கேள்வி’ என்று வாசிப்பவருக்கு முன்கூட்டியே சொல்லும் பலகை அது.

ஆங்கிலத்தில் அந்தப் பலகையின் வேலையை ஒரு சொல் செய்கிறது. டூ, டஸ், டிட். தனியாக எந்தப் பொருளும் இல்லாமல், ‘இது கேள்வி’ என்று அறிவிப்பதற்காகவே வாக்கியத்தின் முன்னால் வந்து நிற்கும் துணைவினை. தமிழிலும் இப்படி ஒன்று இல்லை, ஸ்பானிஷிலும் இல்லை. அதனால்தான் ‘ஷி லிவ் ஹியர்?’ என்று குரலை மட்டும் உயர்த்திக் கேட்கிறார்கள்.

வீட்டில் ஒரே குடை

இப்போது காணாமல்போன ‘எஸ்’ஸைக் கண்டுபிடித்துவிடலாம். அது எங்கும் போகவில்லை. ‘டஸ்’ என்ற சொல்லின் கடைசியில்தான் இருக்கிறது.

வீட்டில் ஒரே ஒரு குடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மழையில் முன்னால் போகிறவர் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டால், பின்னால் வருபவர் கையில் குடை இருக்காது. ஆங்கில வாக்கியத்துக்கும் ஒரே ஒரு ‘எஸ்’தான். ‘ஷி லிவ்ஸ்’ என்று சொல்லும்போது ‘லிவ்’ அதை வைத்திருக்கிறது. கேள்வியாகும்போது ‘டூ’ முன்னால் வருகிறது, ‘எஸ்’ஸை வாங்கிக்கொண்டு ‘டஸ்’ ஆகிறது. ‘லிவ்’ வெறுங்கையோடு நிற்கிறது.

‘டஸ் ஷி லிவ்ஸ்’ என்பதில் இரண்டு குடை. ‘டூ ஷி லிவ்’ என்பதில் குடையே இல்லை. ‘டஸ் ஷி லிவ்’ என்பதில் ஒன்று. அதுவும் முன்னால் நிற்பவர் கையில்.

அதிகம் பேர் சறுக்கும் இடம் ‘ஹேஸ்’. அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வுக்கு 2008-ல் நடைமுறைக்கு வந்த 100 கேள்விகள் பட்டியலில் ஒன்று இது: ‘ஹவ் மெனி அமென்ட்மென்ட்ஸ் டஸ் த கான்ஸ்டிட்யூஷன் ஹேவ்?’ அரசியல் சட்டத்தில் எத்தனை திருத்தங்கள் என்பது கேள்வி. விடை 27. இங்கே ‘ஹேஸ்’ வராது. ‘ஹேஸ்’ஸில் உள்ள ‘எஸ்’ஸைத்தான் ‘டஸ்’ எடுத்துக்கொண்டுவிட்டதே!

அதே பட்டியலில் இன்னொன்று, அதிபர் தேர்தலில் வாக்களிக்க எத்தனை வயதாக வேண்டும் என்று கேட்கிறது: ‘ஹவ் ஓல்ட் டூ சிட்டிசன்ஸ் ஹேவ் டு பி டு வோட் ஃபார் பிரசிடென்ட்?’ விடை 18. சிட்டிசன்ஸ் பலர் என்பதால் வெறும் ‘டூ’.

இறந்தகாலத்துக்கும் இதே கணக்குதான். ‘வாட் டிட் மார்ட்டின் லூதர் கிங் ஜூனியர் டூ?’ என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. ‘டிட்’ இறந்தகாலத்தை எடுத்துக்கொண்டது. அதனால் கடைசியில் இன்னொரு ‘டிட்’ வராது, ‘டூ’தான். ‘டிட் ஷி வென்ட்?’ தவறு, ‘டிட் ஷி கோ?’ சரி.

‘கேன்’ போன்ற சொற்களுக்கு ‘எஸ்’ ஒட்டவே ஒட்டாது. ‘கேன் ஷி ஸ்பீக்ஸ்?’ என்பதும் தவறு, ‘டஸ் ஷி கேன்?’ என்பதும் தவறு. ‘கேன் ஷி ஸ்பீக்?’ அவ்வளவுதான். ஸ்பானிஷில் முடியும் என்பதற்கான வினையும் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், இங்கேயும் அவர்களின் கை தானாகவே ஒரு ‘எஸ்’ஸைத் தேடுகிறது.

ஒரு எழுத்துதானே, போனால் என்ன?

நியாயமான கேள்வி. அந்த நேர்காணலில் ஓர் ‘எஸ்’ விட்டுப்போனதற்காக யாரையும் தோற்கடித்துவிடுவதில்லை. பொருள் கெடாத வரை சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதே விதி. ஆனால், பொருளே மாறிவிடும் இடம் ஒன்று இருக்கிறது. அதே 100 கேள்விகளிலிருந்து இரண்டு:

‘ஹூ சைன்ஸ் பில்ஸ் டு பிகம் லாஸ்?’ - மசோதாக்கள் சட்டமாகக் கையெழுத்திடுபவர் யார்?

‘ஹூ டஸ் எ யு.எஸ். செனட்டர் ரெப்ரசென்ட்?’ - ஒரு செனட்டர் யாரைப் பிரதிநிதித்துவப்படுத்துகிறார்?

இரண்டும் ‘ஹூ’வில்தான் தொடங்குகின்றன. முதல் கேள்வியில் ‘டஸ்’ இல்லை, ‘சைன்ஸ்’ தன் ‘எஸ்’ஸோடு இருக்கிறது. இரண்டாவதில் ‘டஸ்’ இருக்கிறது, ‘ரெப்ரசென்ட்’ வெறுமையாக நிற்கிறது. ஏன் இந்த வித்தியாசம்? முதல் கேள்வியில் ‘ஹூ’தான் வேலை செய்பவர், கையெழுத்திடுவது அவர். இரண்டாவதில் வேலை செய்பவர் செனட்டர். ‘ஹூ’ என்பது ‘யாரை’.

தமிழில் ‘யார்’, ‘யாரை’ என்று ஓர் ‘ஐ’ சேர்த்தால் தெளிவாகிவிடும். ஸ்பானிஷில் ‘யாரை’ என்று கேட்க, ‘யார்’ என்பதற்கு முன்னால் ‘ஆ’ என்ற சிறு சொல் வரும். அன்றாட ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ஹூ’ ஒன்றேதான். செய்பவர் யார், செய்யப்படுபவர் யார் என்று காட்டிக்கொடுப்பது ‘டஸ்’. அதைக் கவனிக்காதவர் காதில், செனட்டர் யாரைப் பிரதிநிதித்துவப்படுத்துகிறார் என்ற கேள்வி, செனட்டரைப் பிரதிநிதித்துவப்படுத்துவது யார் என்று தலைகீழாக விழலாம். விடை தெரிந்தும் தவறாகச் சொல்ல நேரும்.

தேர்வை விடுங்கள். புதிதாகக் குடியேறிய பல குடும்பங்களில் ஆஸ்பத்திரியிலும் பள்ளி அலுவலகத்திலும் அம்மா அப்பாவுக்காகப் பேசுவது பிள்ளைகள்தான். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு ஆங்கிலம் சீக்கிரம் வந்துவிடுகிறது. பெற்றவர்களுக்குப் பதில் சொல்லும் அளவுக்கு ஆங்கிலம் வந்தாலும், கேட்கும் அளவுக்கு வருவதில்லை. பெயர், முகவரி, வயது என்று பதில்களை மனப்பாடம் செய்துகொள்ளலாம். ‘என் மகனுக்கு இந்த மருந்து அவசியமா? யார் பணம் கட்ட வேண்டும்?’ என்ற கேள்விகளை அந்த நேரத்தில் சொந்தமாக உருவாக்க வேண்டும். டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டு பத்து வயதுப் பிள்ளையை முன்னால் தள்ளும் அம்மாவுக்கு, ‘டஸ் மை சன் நீட் திஸ்?’ என்று தானே கேட்க முடிவது சாதாரண விஷயமில்லை.

ஒருமையா, பன்மையா?

‘டூ’வா ‘டஸ்’ஸா என்று முடிவு செய்ய, ஒருவரா பலரா என்று தெரிய வேண்டும். அதிலும் இரண்டு மொழிகளும் ஒத்துப்போவதில்லை. ஸ்பானிஷ் பேசுபவர்கள் குறித்துவைத்துக்கொள்ள வேண்டிய ஐந்து இடங்கள்:

1. பீப்பிள்: ஸ்பானிஷில் மக்கள் என்பதற்கான ‘ஹென்தே’ ஒருமை. ஆங்கில ‘பீப்பிள்’ பன்மை. ‘டஸ் பீப்பிள் லிவ் ஹியர்?’ அல்ல, ‘டூ பீப்பிள் லிவ் ஹியர்?’ போலீஸும் அப்படியே. ‘ஆர் த போலீஸ் கமிங்?’ என்றுதான் கேட்க வேண்டும்.

2. நியூஸ்: ஸ்பானிஷில் செய்தி என்பதைப் பன்மையில் ‘நோட்டீசியாஸ்’ என்பார்கள். ஆங்கில ‘நியூஸ்’ கடைசியில் ‘எஸ்’ இருந்தாலும் ஒருமை. ‘இஸ் த நியூஸ் குட்?’

3. ஹூ: ஸ்பானிஷில் யார் என்பதற்கு ஒருமை ‘கியென்’, பன்மை ‘கியெனெஸ்’ என்று இரண்டு உண்டு. ஆங்கிலத்தில் எத்தனை பேர் வருவார்கள் என்று தெரிந்தாலும் பொதுவாக ‘ஹூ இஸ் கமிங்?’தான்.

4. தேர்: இருக்கிறது, இருக்கின்றன இரண்டுக்கும் ஸ்பானிஷில் ‘ஐ’ என்ற ஒரே சொல். ஒரு புத்தகமோ, மூன்று புத்தகமோ மாறாது. ஆங்கிலத்தில் மாறும். ‘இஸ் தேர் எ புக்?’, ‘ஆர் தேர் த்ரீ புக்ஸ்?’

5. யு: இதுதான் சுவாரஸ்யம். ஸ்பானிஷில் மரியாதையாக ‘நீங்கள்’ என்று சொல்ல ‘உஸ்தெத்’ என்பார்கள். ‘தங்கள் பெருங்கருணை’ என்பது போன்ற பழைய மரியாதைத் தொடர் சுருங்கி வந்த சொல் அது. அதனால், எதிரில் இருப்பவரையே மூன்றாம் மனிதர்போலக் கருதி, அவன், அவளுக்கு உரிய ‘விவே’வையே சேர்ப்பார்கள். மரியாதை தெரிந்த ஒருவர் ‘டஸ் யு லிவ் ஹியர்?’ என்று கேட்டால் காரணம் இதுதான். ஆங்கில ‘யு’வுக்கு மரியாதை உண்டோ இல்லையோ, எப்போதும் ‘டூ’தான்.

குடை திரும்பி வரும்

கடைசியாக ஒரு திருப்பம். ‘வேர் டஸ் ஷி லிவ்?’ என்று நேரடியாகக் கேட்காமல், ‘அவள் எங்கே வசிக்கிறாள் என்று தெரியுமா?’ என்று பணிவாகக் கேட்டால்? ‘டூ யு நோ வேர் ஷி லிவ்ஸ்?’ இங்கே ‘டூ’ வந்திருப்பது ‘யு’வுக்காக. ‘ஷி’க்குத் துணைவினை யாரும் இல்லை. அதனால் ‘எஸ்’ மறுபடியும் ‘லிவ்’ கைக்கே வந்துவிட்டது. ‘வேர் டஸ் ஷி லிவ்’ என்று அப்படியே ஒட்டக் கூடாது.

இவ்வளவையும் படித்துவிட்டு ‘ஐயோ’ என்று தோன்றினால், ஓர் ஆறுதல். உளவியலாளர் ராஜர் பிரவுன், ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட மூன்று குழந்தைகளைக் கவனித்து 1973-ல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் ஆராய்ந்த 14 இலக்கணக் கூறுகளில், இந்த ‘எஸ்’ குழந்தைகளுக்குப் படிந்தது 10-வதாகத்தான். அடுத்த ஆண்டு ஹெய்டி டூலே, மரினா பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள், ஆங்கிலம் கற்கும் ஸ்பானிஷ், சீனக் குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். இரு குழுவினரும் ஏறத்தாழ ஒரே வரிசையில்தான் கற்றார்கள். அவர்களுக்கும் இந்த ‘எஸ்’ பின்வரிசையில்தான் வந்தது. தாமதமாக வருவது அதன் சுபாவம். ஸ்பானிஷ்காரர்களின் குறை அல்ல.

ஒரு நிமிடப் பயிற்சி

ஆங்கிலம் கற்கும் யாரும் முயன்று பார்க்கலாம். விடைகளைப் பார்க்காமல் சொல்லுங்கள்.

1. ‘வேர் ____ யுவர் மதர் ஒர்க்?’ - டூ, டஸ்
2. ‘____ யுவர் சில்ட்ரன் லைக் ஸ்கூல்?’ - டூ, டஸ்
3. ‘வாட் டைம் டஸ் த பஸ் ____?’ - கம், கம்ஸ்
4. ‘ஹூ ____ திஸ் கார்?’ - ஓன், ஓன்ஸ்
5. ‘டூ யு நோ வாட் ஹி ____?’ - வான்ட், வான்ட்ஸ்

விடைகள்: 1. டஸ். 2. டூ, ‘சில்ட்ரன்’ என்பதில் ‘எஸ்’ இல்லாவிட்டாலும் பன்மை. 3. கம். 4. ஓன்ஸ், இங்கே காரை வைத்திருப்பவரே ‘ஹூ’. 5. வான்ட்ஸ்.

ஐந்தும் சரி என்றால் சபாஷ். நான்காவதிலோ ஐந்தாவதிலோ தடுமாறியிருந்தால், வாக்கியத்தில் ‘ஹூ’வுக்கோ ‘ஹி’க்கோ துணைவினை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் ‘எஸ்’ வினைச்சொல்லிடமே இருக்க வேண்டும்.

அடுத்த வாரம் எதிர்த்திசையில் போவோம். ‘இஸ்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளும் ஆங்கிலம் பேசுபவர்கள், அதற்கு இரண்டு வினைச்சொற்கள் வைத்திருக்கும் ஸ்பானிஷைக் கற்கும்போது என்ன பாடுபடுகிறார்கள் என்று பார்க்கலாம்.